கேட் கீப்பர் வீட்டுக் கணினி

பென்டிரைவைக் கையில் வாங்கியதும் மீனம்மாள் முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அதில் எதுவும் இருக்காது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் பார்க்கிறார். பிறகு மேசை ஓரத்தில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் அதை வைத்துவிட்டு, கொண்டுவந்தவரை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“இது இதுக்கு முன்னாடி எங்கிட்டெல்லாம் போயிட்டு வந்துச்சு?”

அவர், மகளின் காதுகுத்துக்குப் பேனர் போட வந்தவர். “பிரவுசிங் சென்டருக்கு மட்டுந்தாங்க. வேற எங்கயும் போகல.”

“அப்ப அங்கனயே கொஞ்ச நேரம் ஒக்காரட்டும். விசாரிச்சுட்டு உள்ள விடுறேன்.”

உட்காரவேண்டியது பென்டிரைவா தானா என்று தெரியாமல் அந்த மனிதர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறார்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கும் அந்த வீட்டின் முன்னறைதான் கடை. கடை மீனம்மாளுடையது அல்ல, அவருடைய கணவர் ரெங்கராஜுடையது. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று இருபத்திரண்டு வருடங்களாக ஊரின் நல்லது கெட்டதுகளை வடிவமைத்துத் தருகிறார். மீனம்மாளுக்கு வேலை ரயில்வேயில். நார்த்தாமலைக்குப் போகும் பாதையில் ஒரு கேட்டில் பத்தொன்பது வருடங்களாக கேட் கீப்பர்.

கணினிக்கும் கேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் மீனம்மாள் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கிறார். “ரெண்டுலயும் ஒரே விசயந்தாங்க. தொறந்து கெடக்குறது சொகம். மூடிக் கெடக்குறது பத்திரம்.”

கேட் மூடியபின் வண்டிக்காரர்கள் கெஞ்சுவார்கள். “அக்கா, ரயிலு கண்ணுக்கே தெரியல, ஒரு நிமிசம்” என்பார்கள். ஒலிப்பானை அழுத்தியபடியே இருப்பார்கள். ஒருமுறை ஒரு மாப்பிள்ளை மாலையோடு காரிலிருந்து இறங்கிவந்து, முகூர்த்தம் போகிறது என்று கைகூப்பியிருக்கிறார். “மூடுனது மூடுனதுதான் தம்பி. பொண்ணு எங்கிட்டும் போயிராது” என்றாராம் மீனம்மாள். பெண் போகவில்லை. அந்தத் தம்பதி இப்போது அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவருக்குக் கைகாட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

கேட்டில் இன்னொரு நடைமுறை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த அம்மாளைத் தெரிந்துகொள்ள முடியாது. ரயில் வருகிறது என்று நிலையத்திலிருந்து போன் வரும். கேட்டை மூடிப் பூட்டியபின், மூடியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக கேட் கீப்பர் ஓர் இரண்டு இலக்க எண்ணைச் சொல்லவேண்டும். அந்த எண்கள் ஒழுங்கில்லாமல் அச்சடித்த ஒரு தாளில் இருக்கும். சொன்ன எண்ணை உடனே கோடிட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் நேரத்தைக் குறிக்கவேண்டும். ஒருமுறை சொன்ன எண் செத்துப்போன எண். மறுபடி உயிரோடு வராது. பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். பத்தொன்பது வருடங்களில் ஆயிரக்கணக்கான எண்களைச் சொல்லி, ஆயிரக்கணக்கான எண்களை அடித்திருக்கிறார் மீனம்மாள்.

அப்படி ஒரு தாள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் ஒட்டியிருக்கிறது. அவரே எழுதியது. அதன் பிரதி ரெங்கராஜின் சட்டைப் பையில் இருக்கிறது. வெளியே போன ரெங்கராஜ் போனில் அழைத்து, “மீனா, ஓடிபி ஒண்ணு வந்துருக்கும், சொல்லு” என்றால், இந்தப் பக்கத்திலிருந்து முதலில் வரும் பதில் ஒன்றுதான்: “நம்பர் சொல்லுங்க.”

“ஏம்மா, ஏங் கொரலு ஒனக்குத் தெரியலயா?”

“கொரல இப்பல்லாம் மிசினே பேசுதுங்க. நம்பர் சொல்லுங்க.”

“நாப்பத்தேழு.”

நாற்பத்தேழு அடிக்கப்படுகிறது. நேரம் குறிக்கப்படுகிறது. அதன்பிறகே ஓடிபி.

இதெல்லாம் மூன்று வருடங்களுக்கு முந்தைய ஒரு காலைப்பொழுதில் தொடங்கியது. மின்னஞ்சலில் பில் என்று வந்த ஒரு கோப்பை ரெங்கராஜ் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பதினைந்து வருட வடிவமைப்புகள் அத்தனையும் பெயர் மாறி, திறக்க முடியாதவையாகிவிட்டன. பணம் கட்டினால் திருப்பித் தருவதாகத் திரையில் ஒரு கடிதம் நின்றது. ரெங்கராஜ் பணம் கட்டவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் பழைய அழைப்பிதழைக் கேட்டு வாங்கி, பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சினார். அப்போது மீனம்மாள் கேட்ட ஒரே கேள்வியை அவர் இன்றுவரை மறக்கவில்லை: “கேட்ட யாரு தொறந்து போட்டது?”

அதற்குப்பின் மீனம்மாள் படிக்கத் தொடங்கினார். விடுப்பு நாட்களில் ஆங்கிலக் காணொளிகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தார். விண்டோஸுக்குள்ளேயே நிறையக் காவலர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் தூங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய முதல் கண்டுபிடிப்பு. எழுப்பும் சுவிட்சுகள் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்திருக்கின்றன. அத்தனையையும் ஒரே திரையில் வரிசையாகக் காட்டும் ஒரு சின்ன இலவசக் கருவி கிடைத்தது. அதன் தலையில் காவலின் அளவுக்கு மூன்று பொத்தான்கள்: டீஃபால்ட், ஹை, மேக்ஸ்.

நடுப்பொத்தானை மீனம்மாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் ரெங்கராஜின் வாழ்க்கை மாறியது. அவருக்குச் சாதாரணக் கணக்கு. நிர்வாகி மீனம்மாள். புதிதாக எதை நிறுவவேண்டுமென்றாலும் அவர் டூட்டி முடிந்து வந்து கடவுச்சொல் போடவேண்டும். வேலை இருக்கும் கோப்புறைக்குள் அனுமதி பெற்ற மென்பொருள்கள் மட்டுமே எழுதலாம். தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எந்த மென்பொருளும் ஓடாது. எங்கிருந்தோ பிரதியெடுத்து வைத்திருந்த பழைய வடிவமைப்பு மென்பொருள் அன்றோடு நின்றது. “டிக்கெட்டு இல்லாம இத்தன வருசம் ஓட்டிருக்கீங்க” என்று சொல்லி, முறையாக விலைக்கு வாங்கவைத்தார். பழைய பிரிண்டரின் மென்பொருளுக்கும் கையொப்பம் இல்லை. பிரிண்டர் இப்போது துணி போர்த்திக்கொண்டு மூலையில் இருக்கிறது. அச்செடுக்க ரெங்கராஜ் அடுத்த தெருவுக்கு நடக்கிறார்.

“எங் கம்ப்யூட்டர்ல நான் வாடகைக்கு இருக்கேங்க” என்கிறார் ரெங்கராஜ். “வீட்டுக்காரம்மா கொஞ்சம் கறாரு.”

தெருவில் இன்னும் ஏழு வீட்டுக் கணினிகளுக்கு மீனம்மாள் இந்தச் சேவையைச் செய்திருக்கிறார், இலவசமாக, சிலருக்குக் கேட்காமலேயே. எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் டீச்சர் ஒருநாள் பதறிக்கொண்டு வந்தார். பள்ளியிலிருந்து வந்த மதிப்பெண் பட்டியல் திறக்க மாட்டேன் என்கிறது.

“அதுக்குள்ள தானா ஓடுற புரோகிராம் இருக்கு டீச்சர். நாந்தான் நிறுத்தி வச்சேன். யாரு அனுப்பிச்சாங்களோ அவுங்களுக்குப் போனப் போட்டு, நீங்கதான் அனுப்பிச்சீங்களான்னு கேளுங்க.”

“எங்க ஹெச்செம்மு அனுப்பிச்சது மீனம்மா. அவுகளப் போயி எப்புடிக் கேக்குறது?”

“ஹெச்செம்மா இருந்தா மட்டும் கேட்டு தொறந்துருமா?”

டீச்சர் கேட்டார். தலைமையாசிரியை ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணினி பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கோட்டையின் உச்சியில் இருப்பது ஒரு பூட்டு. கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அத்தனையையும் அது பூட்டி வைத்திருக்கிறது. கணினியை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஏதாவது பெரிய மாற்றம் நடந்தால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போது நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டு. அந்த எண்ணை இணையக் கணக்கில் சேமிக்கட்டுமா என்று கணினி தொடக்கத்திலேயே கேட்டது. “நம்ம கேட்டு நம்பர எதுக்கு ஊர்பேர் தெரியாத ஆள்ட்டக் குடுக்கணும்” என்று மறுத்துவிட்டு, ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தார் மீனம்மாள். ஒரே நோட்டு, ஒரே பக்கம்.

இவர்களைப் பற்றி எழுத நான் இரண்டாம் முறை போன வெள்ளிக்கிழமை காலை, முன்னறையில் வேலை நின்றுபோயிருந்தது. கணினித் திரை முழுக்க நீலமாக இருந்தது. அதன்முன் ரெங்கராஜ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதுகுத்துக்காரர் போன வாரம் உட்கார்ந்த அதே நாற்காலியில், மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி ஆவுடையப்பன் என்ற பெரியவர். குன்றாண்டார்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கோயில் திருப்பணிக் குழுத் தலைவர் அவர்.

அந்தக் கோயிலுக்கு மூன்று வாரத்தில் குடமுழுக்கு. அழைப்பிதழில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பெயர்கள் கிடைப்பது சுலபம். யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்பதுதான் கடினம். கோயில் உரிமையைக் கரை கரையாகப் பங்கிட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் ஒருபக்கம், வெளிநாட்டிலிருந்து நன்கொடை அனுப்பியவர்கள் மறுபக்கம், இரண்டிலும் சேராத ஓய்வுபெற்ற தாசில்தார் நடுவில். பதினோரு வாரம் பேசினார்கள். இரண்டு முறை பேச்சு நின்று, பந்தக்கால் நடுவதே தள்ளிப்போனது. கடைசியில் முந்தின நாள் மாலை, எல்லாக் கரைக்கும் ஓர் ஆள் வந்து இந்தத் திரைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு பெயராக ஏற்றி இறக்கி, சரி என்று சொல்லிப் போனார்கள். அந்த வரிசை இந்தக் கணினியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அச்செடுக்க வீட்டில் பிரிண்டர் ஓடாது. கணினியின் காப்பு நகல் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கப்படும். போனில் படமெடுக்க ஆவுடையப்பனே விடவில்லை. “போட்டோ எடுத்தா வாட்ஸப்புல போயிரும். போனா மறுபடி மொதல்லேருந்து” என்று தடுத்திருக்கிறார். மூன்று மணிக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

காலையில் டூட்டிக்கு நேரம் இருக்கிறதே என்று மீனம்மாள் ஒரு வேலை செய்திருந்தார். வெளி பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க முடியாதபடி அடியாழத்து அமைப்பில் ஒரு மாற்றம். “ஒரே ஒரு ஓட்ட பாக்கி இருந்துச்சு. அதையும் அடச்சேன்.” அடைத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கியதும் பூட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீலத்திரை நாற்பத்தெட்டு இலக்கத்தைக் கேட்டது.

“அதுக்கென்ன, நோட்டு இருக்குல்ல” என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டுத்தான் மீனம்மாள் பீரோவைத் திறந்திருக்கிறார். நான் நுழைந்தபோது அவர் நோட்டோடு வந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தைத் திறந்தவர் உடனே அதைப் பாதி மூடினார்.

ரெங்கராஜ் எட்டிப் பார்த்தார். எட்டுக் கட்டு எண்கள் அந்தப் பக்கத்தில் இருந்தன. அவற்றின்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தமான இரட்டைக் கோடுகள். ஓரத்தில் சுத்தமான கையெழுத்தில் தேதி, நேரம், சுருக்கொப்பம்.

“என்னாம்மா இது?”

“சித்திரையில ஒருவாட்டி கேட்டுச்சுங்க. போர்டு பேட்டரி மாத்துனப்ப.” குரல் மிகவும் கீழே போய்விட்டது. “போட்டேன். தொறந்துச்சு. அதான்... சொல்லியாச்சுல்லன்னு அடிச்சுட்டேன்.”

“ஒருவாட்டி சொன்னா செத்துப்போச்சா?”

“அங்கன செத்துரும்.”

ஆவுடையப்பனுக்கு இந்தப் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டியது மட்டும் விளங்கிவிட்டது. “ஏத்தா, அந்த லிஸ்ட்டு போச்சா?” என்றார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “போச்சுன்னா சொல்லிருங்க. நான் இப்புடியே பழனிப் பக்கம் பஸ் ஏறிர்றேன். ஊருக்குள்ள என்னால போக முடியாது. அந்தத் தாசில்தாரு மறுபடி ஒம்பதாவது பேரா வர்றதுக்கு இந்த ஜென்மத்துல ஒத்துக்க மாட்டாரு.”

சிரிக்கவேண்டிய பேச்சு. ஆனால் அவர் கண்கள் சிரிக்கவிடவில்லை. ரெங்கராஜின் கண்கள் இன்னும் மோசம். மூன்று வருடங்களுக்கு முந்தைய மூன்று நாட்கள் அவர் முகத்தில் திரும்பி வந்திருந்தன. இந்தமுறை கேட்டைத் திறந்துபோட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மீனம்மாளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ரெங்கராஜ் வேறொன்று செய்தார். நோட்டை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோய், மனைவி பென்டிரைவைப் பிடிப்பது போலவே வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவினார்.

இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் கையெழுத்தை வாசித்துப் பிழைப்பவர் ரெங்கராஜ். பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதியது, அடித்துத் திருத்தி மறுபடி அடித்தது, குழம்பு சிந்தியது, தாத்தா பெயரைப் பேரன் எழுதியது என்று அவர் கண்ணுக்குத் தப்பிய எழுத்து புதுக்கோட்டையில் குறைவு. மீனம்மாளோ அழுத்தி எழுதுபவர். கோட்டுக்கு அடியில் எண்கள் தாளின் மறுபக்கம்வரை பள்ளம் பறித்திருந்தன.

“எழுதிக்க” என்றார். “அஞ்சு, ஏழு, ரெண்டு...”

மீனம்மாள் எழுதிக்கொண்டார். ஆறு கட்டு தடங்கல் இல்லாமல் வந்தது. ஏழாவதில் ரெங்கராஜ் நின்றார். “மூணு, எட்டு, ஒண்ணு, ஆறு... அடுத்தது ஏழு. கடைசி ரெண்டு.”

மீனம்மாள் உதடு அசையக் கணக்குப் போட்டார். “ஏழு இல்லங்க. ஒண்ணு.”

“ஏம்மா, நான் கண்ணால பாக்குறேன்.”

“ஒவ்வொரு ஆறும் பதினொண்ணால மிச்சமில்லாம வகுபடணும். அப்புடித்தான் அந்த நம்பரு செஞ்சுருக்கான். ஏழு போட்டா வகுபடாது. ஒண்ணு போட்டா வகுபடும்.”

“அப்ப ஒண்ண எதுக்கு ஏழு மாதிரி எழுதுன?”

“நீங்க படிப்பீங்கன்னு எழுதலயே.”

வெகுநேரத்துக்குப் பிறகு அறையில் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது. ஆவுடையப்பன் பையை மடியில் இறக்கி வைத்தார்.

எட்டாவது கட்டில் இரண்டு இலக்கங்கள் இரட்டைக் கோட்டில் மாட்டி முழுக்க நசுங்கியிருந்தன. இரண்டு, ஆறு, தெரியாதது, நான்கு, தெரியாதது, ஒன்பது. மீனம்மாள் தாளின் ஓரத்தில் கூட்டிக் கழித்தார். தெரியாத இரண்டையும் கூட்டினால் ஆறு வரவேண்டும், இல்லாவிட்டால் பதினேழு. மொத்தம் ஒன்பது வழிகள். ஒவ்வொரு முறையும் நாற்பத்தெட்டு இலக்கத்தையும் முதலிலிருந்து தட்டவேண்டும்.

“மொத எழுத்து மேல மூடல, கீழ வயிறு இருக்கு” என்றார் ரெங்கராஜ், கண்ணைத் தாளோடு ஒட்டியபடி. “மூணு, அஞ்சு, ஆறு. இதுக்குள்ளதான்.”

“ஆறுன்னா அடுத்தது சைபரு.” தட்டினார். தவறு என்றது திரை.

“மூணுன்னா மூணு.” தட்டினார். தவறு. ஆவுடையப்பன் எழுந்து சாமி படத்தைத் தேடினார். முன்னறையில் இருந்ததெல்லாம் மாதிரி அழைப்பிதழ்கள். அவற்றில் இருந்த பிள்ளையார்களில் ஒருவரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அஞ்சுன்னா ஒண்ணு” என்ற மீனம்மாள் இந்தமுறை ஒவ்வொரு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லியே தட்டினார், போனில் நிலையத்துக்குச் சொல்வது போல. கடைசி ஒன்பதைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

நீலம் போய்க் கறுப்பானது. கறுப்பில் சின்னப் புள்ளிகள் வட்டமடித்தன. ரெங்கராஜின் முகப்புப் படம் வந்தது. அது மூடியிருக்கும் ஒரு ரயில்வே கேட். வைத்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

யாரும் துள்ளவில்லை. ஆவுடையப்பன் திரைக்கு நெருங்கி, விரலை வைத்து முதல் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஒன்பதாவது பெயர் வந்ததும் நின்று, ஒரு மூச்சு விட்டு, மேலே போனார். இருநூற்றுப் பன்னிரண்டையும் முடித்தபின்தான் நாற்காலிக்குத் திரும்பினார். ரெங்கராஜ் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினார். தனக்கு ஒருமுறை அனுப்பினார். பிறகு இன்னொரு முறையும் அனுப்பினார்.

“மீனா.”

“என்னங்க.”

“இனிமே ஹை போதுமுல்ல?”

“மேக்ஸுதான்.”

“பிரிண்டரு?”

மீனம்மாள் மூலையில் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்தார். “நல்ல கையெழுத்துப் போட்ட பிரிண்டரு ஒண்ணு வாங்குவோம்.”

மீனம்மாளுக்கு டூட்டி இரண்டு மணிக்கு. சீருடை போட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, நின்றபடியே எட்டுக் கட்டையும் அழுத்தி எழுதினார். அதேபோல இன்னொரு தாளில் எழுதிக் கணவரிடம் கொடுத்தார். காலையில் எழுதிக்கொண்ட தாளோடு ஒருமுறை சரிபார்த்தார். ஓரத்தில் தேதியும் நேரமும் குறித்தார்.

நேரத்தைக் குறித்த கை அங்கே நிற்கவில்லை. பேனா முனை தானாக நகர்ந்து முதல் எண்ணின் தலைமாட்டுக்குப் போய்விட்டது. தாளுக்கு ஒரு நெல் உயரத்தில் அது நின்றது. மீனம்மாள் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டு, ரெங்கராஜின் சட்டைப் பையில் செருகினார்.